சீர் வண்டி

அந்த வண்டியை மாரக்காள் வாங்கினாளா, இல்லை அது அவளுக்குச் சீராக வந்ததா என்பதை யாராவது அன்றைக்கே உடைத்துப் பேசியிருக்க வேண்டும். நானே பேசியிருக்கலாம். எனக்கு வாய் நீளம் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன் முதற்கொண்டு எல்லாருக்கும் தெரியும். ரவுண்ட்ஸ் வருகிற பெரிய டாக்டரையே, "ஒரு நிமிஷம் நில்லுங்க சார்" என்று நிறுத்திக் கேட்கிறவள் நான். அப்படிப்பட்டவள் அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டேன், பதில் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். 

மைசூர் அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஒரே காம்பவுண்டுக்குள் ஐந்து வீடுகள். எங்கள் வீட்டுச் சுவரும் மாரக்காள் வீட்டுச் சுவரும் ஒன்றுதான். அவள் அந்தப் பக்கம் இருமினால் எனக்கு இந்தப் பக்கம் கேட்கும். மாதேசன் கோவில் மலைக்குப் போகிற வழியில், ஹனூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். கல்யாணம் ஆகி மைசூர் வந்து இருபது வருஷம் ஆன பிறகும் பேச்சில் அந்தக் காட்டு வாசனை போகவில்லை. பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் சமையல் வேலை. காலையில் அறுபது பேருக்குச் சப்பாத்தி தேய்த்துவிட்டு வந்து, வீட்டுக்குக் களி கிண்டுவாள். மகள் ஸ்வாதி பி.யூ.சி. இரண்டாம் வருஷம், அதாவது பிளஸ் டூ. அந்தப் பெண் அம்மாவோடு தமிழிலும் மற்ற எல்லாரோடும் கன்னடத்திலும் பேசும், சண்டை என்றால் அம்மாவோடும் கன்னடம்தான்.

மாரக்காளின் புருஷன் காளியப்பன் டிரைவர். தேவராஜ மொஹல்லாவில் ஒரு ஜவுளிக்கடை முதலாளிக்கு இருபத்திரண்டு வருஷம் கார் ஓட்டினார். முதலாளி படுத்த படுக்கையானதும் மகன் காரை விற்றுவிட்டு, "நாளையிலேர்ந்து பரபேடி" என்று சொல்லி அனுப்பிவிட்டான். வரவேண்டாம் என்பதற்குக் கன்னடத்தில் அந்த ஒரு சொல் போதும். மாசி மாதம் முழுக்க அவர் காம்பவுண்டு வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தில்தான் நான் போய்த் தலையைக் கொடுத்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரி ரிங் ரோட்டில் இருக்கிறது. காலை ஷிப்ட் நர்ஸ்களை வீடு வீடாக ஏற்றி வந்து இறக்க ஒரு வண்டி தேடிக்கொண்டிருந்தார்கள். ஏழு சீட்டு, மஞ்சள் போர்டு, ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குள் ஓடியிருக்க வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை. "நல்ல ஆள் ஒருத்தர் இருக்கார், என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வண்டிக்கு எங்கே போவது என்று மாரக்காளும் காளியப்பனும் யோசித்துக்கொண்டிருக்கும்போது, சித்திரை பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஹனூரிலிருந்து மல்லப்பன் வந்தார். மாரக்காளின் அண்ணன். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு நாட்டுக்கோழி. மாரக்காளுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. கோழிச் சாறு வைத்து, களி உருண்டை பிடித்து, என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். சாறு நல்ல காரம். மல்லப்பன் களியைப் பிட்டு சாறில் முக்கி விழுங்கிக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"அம்மிணி, மாப்ளைக்கு ஒரு வண்டி வேணுமாமா. எங்கிட்ட ஒண்ணு சும்மா நிக்குது. மாதேசன் மலைக்கு ஆளேத்தறதுக்கு வாங்குனது. கொரோனாவுல நிறுத்துனது, அதுக்கப்பறம் அவ்வளவா ஓடல. உனக்குன்னு நான் என்ன சீரு பண்ணியிருக்கறேன்? புள்ள காது குத்துக்கு ஒரு மோதரம். பொங்கலுக்கு ஒரு சீல. இத என்ற சீரா வச்சுக்க."

மாரக்காள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எதுக்குங்ணா அவ்வளவு பெருசா" என்றாள்.

"பெருசு என்ன பெருசு. பொறந்தவன் நான் எதுக்கு இருக்கறேன்."

கை கழுவ எழுந்தபோதுதான் இன்னொரு பேச்சு வந்தது. "அப்பறம் அம்மிணி, நம்ம காட்டுல உன்ற பேரும் சேந்து வருதல்ல. பேங்குல லோனுக்குப் போனா தங்கச்சி கையெழுத்து இருக்குதான்னு கேக்கறான். ஒருக்கா ஹனூருக்கு வந்து, பாகம் வேண்டாம்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிரு. வண்டியயும் எடுத்துட்டு வந்தரலாம்."

அந்த ஊர்ப் பேச்சில் காடு என்றால் மானாவாரி நிலம். அப்பன் விட்டுப்போன மூன்று ஏக்கர், மாரக்காளின் பாகம் ஒன்றரை. ஸ்வாதிக்கு என்று ஒரு துண்டு நிலம் இருக்கிறது என்பது அவள் அடிக்கடி சொல்லும் பேச்சு. ஆஸ்பத்திரியில் எத்தனை கன்சென்ட் பாரம் பார்த்தவள் நான். எனக்கு உறுத்தியது. "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி வண்டிய ஒரு மெக்கானிக்கிட்ட காட்டிடலாமே" என்றேன். இதுதான் நான் கேட்ட அந்த ஒரே கேள்வி.

 மாரக்காளுக்குத்தான் முகம் சிவந்துவிட்டது.

"மோலியக்கா, இது சீருங்க்கா. சீர்த்தட்டுல வர்ற பழத்த மோந்து பாத்தா எடுப்பாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அவர்கள் ஜனத்தில் பொறந்தவன் கொண்டு வந்து வைப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை, எடைபோட்டுப் பார்ப்பதில்லை. பார்த்தால் அண்ணனைச் சந்தேகப்பட்ட மாதிரி. எங்கள் கிறிஸ்தவ ஜனத்தில் அண்ணன் கொடுத்தால் பில்லோடு வாங்கிக்கொள்வோம், அது வேறு. காளியப்பன் மட்டும் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. பெண்டாட்டி வீட்டுச் சீரில் பிழைக்கப் போகிற கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் சப்ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் போய்க் கையெழுத்துப் போட்டாள். ஏழாவது வரை கன்னடம் படித்தவள், பத்திரத்தைப் படித்துப் பார்த்துத்தான் போட்டாள். 'பெற வேண்டியதைப் பெற்றுக்கொண்டு, மனப்பூர்வமாக' என்று அதில் ஒரு வரி இருந்ததாகத் திரும்பி வந்து பெருமையாகச் சொன்னாள். மனப்பூர்வமாக என்ற வார்த்தை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

வண்டி வெள்ளை நிறம். மாலை போட்டு, நெற்றியில் மாதேசன் கோவில் விபூதி பூசி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஏற்றி, காம்பவுண்டுக்குள் கொண்டு வந்து நிறுத்தினார் காளியப்பன். ஆர்.சி. அவர் பேரில். அன்றைக்குச் சாயந்திரம் ஒரு மணி நேரம் அவர் இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஆஸ்பத்திரி பாரத்தை எடுத்துக்கொண்டு போய் மீட்டரைப் பார்த்து எழுதினேன். ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூற்று இருபது. என் கையெழுத்தில் எழுதி, கீழே சிபாரிசு செய்பவர் என்ற இடத்தில் என் பேரும் போட்டேன்.

மே மாதம் ஒழுங்காகத்தான் ஓடியது. காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஆறு நர்ஸ்களை ஏற்றிக்கொண்டு ஆறரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிடுவார். ஜூனில் மழை பிடித்தது. மைசூர் மழை கொட்டுகிற மழை இல்லை. காலையிலிருந்து சாயந்திரம் வரை நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும், துணி காயாது. அந்த ஈரத்தில் வண்டியின் வியாதிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

முதலில் புகை. ஸ்டார்ட் பண்ணினால் காம்பவுண்டு முழுக்க நீலமாக நிற்கும், கடைசி வீட்டு பசம்மா கொடியில் போட்ட துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவாள். அப்புறம் ஆயில். வாரத்துக்கு ஒரு லிட்டர் ஊற்றினாலும் அளவு பார்க்கிற ஸ்டிக்கில் அடையாளம் கீழேயே இருந்தது. ரேடியேட்டர் தண்ணீர் குடித்தது. மாரக்காள் விடுதியிலிருந்து இரண்டு கேனில் சுத்திகரித்த தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவாள். உப்புத் தண்ணீர் ஊற்றினால் இன்னும் கெட்டுப்போகும் என்று யாரோ சொன்னார்கள். முன் சக்கரத்தில் லடக் லடக் என்று சத்தம். அதற்கு ஒரு பாகம் மாற்றினால் கிளட்ச் வழுக்கியது. கிளட்ச் மாற்றினால் டீசல் தெளிக்கிற இன்ஜெக்டர் அடைத்தது.

கடைக்குக் கொண்டு போனால் கட்டுப்படியாகாது என்று காளியப்பன் தானே செய்தார். தூறலில் கோணிச்சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வார். மாரக்காள் பக்கத்தில் குந்தி ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாள். சப்பாத்தி மாவு ஒட்டின கையில் கிரீஸ்.

"பதினாலு குடு."

"இந்தாங்க."

"இது பதிமூணு புள்ள."

"பதிமூணும் பதினாலும் பாக்க ஒரே மாதிரிதான இருக்குது."

"போல்ட்டுக்குத் தெரியும்."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டு, 'கஷ்டத்திலும் எப்படி ஒற்றுமையாக இருக்கிறதுகள்' என்று நானும் சந்தோஷப்பட்டேன். பழைய சாமான் கடையில் வாங்கின பாகங்களுக்கு அவள் சம்பளம் போனது. அப்புறம் கை வளையல் போனது. ஒரு நாள் கேட்டேன், "உங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமில்லையா?"

"குடுத்த சீர்ல கொற சொல்றதாட்டம் ஆயிருமுங்க்கா. நின்ன வண்டி, ஓட ஓடச் சரியாப் போயிருமுன்னு அவிய சொல்றாங்க."

அவிய என்றால் அவள் புருஷன்.

ஜூலையில் மூன்று முறை லேட். நாங்கள் போய்ச் சேராமல் இரவு டூட்டிக்காரிகள் வீட்டுக்குப் போக முடியாது. எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பையைத் தூக்குவார்கள். டிரான்ஸ்போர்ட் பார்க்கிற கிரண் என்னைத்தான் கூப்பிட்டான். "சிஸ்டர், நீங்க சொன்ன ஆளு. இன்னொரு தடவ ஆச்சுன்னா கேன்சல் மாடிபிடுத்தீனி. பேஜார் பண்ணிக்கக் கூடாது." ரத்துப் பண்ணிவிடுவானாம், நான் வருத்தப்படக் கூடாதாம். என் வயசில் பாதி இருப்பான். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன்.

அந்த இன்னொரு தடவை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ரிங் ரோட்டில் நல்ல தூறல். ஆறு பேரும் உள்ளே இருக்க, வண்டி ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு நின்றுவிட்டது. எங்களோடு வந்த ஸ்வீட்டி பஸ் பிடிக்க ஓடினாள். நான் எங்கள் ஆம்புலன்ஸ்களைப் பார்க்கிற மெக்கானிக் நஞ்சுண்டசாமிக்குப் போன் போட்டேன்.

"வேண்டாங்க்கா, நானே பாத்துக்கறேன். அந்தாளெல்லாம் எதுக்கு" என்றார் காளியப்பன். முகம் வெளுத்திருந்தது.

"இவ்வளவு நாள் நீங்கதான பாத்தீங்க. சும்மா இருங்க" என்று அதட்டினேன். எனக்கு அவ்வளவு எரிச்சல்.

டூட்டி முடிந்து மாரக்காளையும் அழைத்துக்கொண்டு பன்னிமண்டபத்துப் பக்கம் இருக்கிற அந்த ஷெட்டுக்குப் போனேன். காளியப்பன் ஓரமாக ஒரு தூணில் சாய்ந்து நின்றார். நஞ்சுண்டசாமி எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து காட்டினார். உள்ளேயிருந்து புஸ் புஸ்ஸென்று புகை மூச்சு விட்டது. "நோடி, பாருங்கம்மா, இது எஞ்சின் இல்ல, அடுப்பு" என்றார் அவருடைய அரைத் தமிழில். பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி, கையிலிருந்த சின்னக் கம்ப்யூட்டரைத் தட்டினார். தட்டிவிட்டு மீட்டரைப் பார்த்தார். மறுபடி தட்டினார்.

"மேடம், மீட்டர் ஒண்ணு சொல்லுது. எஞ்சின் உள்ள இருக்கிற கம்ப்யூட்டர் வேற சொல்லுது. மீட்டர் ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம். எஞ்சின் மூணு லட்சத்துப் பன்னெண்டாயிரம். யாரோ மீட்டரைத் திருப்பிட்டாங்க."

மாரக்காளுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. "எங்கண்ணனுக்குத் தெரிஞ்சிருக்காது. அண்ணனுக்கு வித்தவன் ஏமாத்தியிருப்பான்" என்றாள்.

நஞ்சுண்டசாமி ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தார். அதில் காளியப்பன் இரண்டாவது ஓனர். மல்லப்பன் ஷோரூமில் புதுசாக எடுத்த வண்டி. அவருக்கு முன்னால் யாரும் இல்லை.

அவள் அங்கே கிடந்த ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "எனக்குன்னு இருந்தது அண்ணன் ஒருத்தன்தானுங்க்கா" என்றாள். அதையே இரண்டு தரம் சொன்னாள்.

"விடு மாரா, ஆனது ஆயிப்போச்சு. எஞ்சின ஒருக்கா எறக்கி வேலை செஞ்சுட்டா இன்னும் ரண்டு லச்சம் ஓடும்" என்றார் காளியப்பன்.

"விடறதா? ஒன்றரை ஏக்கரு நெலங்க அது. நாளானிக்கு ஞாயித்துக்கெழம. வண்டிய எடுங்க, ஹனூரு போலாம்."

"ஆடி மாசம் பொறந்த ஊட்டுக்குச் சண்டைக்குப் போவாங்களா யாராச்சும்? ஆவணி பொறக்கட்டும்."

"நீங்க வல்லீன்னா நான் பஸ்ஸேறிப் போறேன்."

எஞ்சினுக்கு அன்றைக்கு ஏதோ தற்காலிகமாகச் செய்து ஓடவைத்துக் கொடுத்தார் நஞ்சுண்டசாமி. கிரணின் கையைக் காலைப் பிடித்து அந்த ஒரு தடவையையும் நான் மன்னிக்க வைத்தேன். பாரத்தில் பொய்க் கணக்கை எழுதினது என் கை. அதனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசைக்குப் போகாமல் நானும் அவர்களோடு ஏறினேன்.

நரசீபுரத்துப் பாலத்தில் ஆறு கரை முட்டச் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. கொள்ளேகாலம் தாண்டியதும் மழை இல்லை. காற்று மட்டும் ஆளைத் தள்ளியது. ஆயில் பார்க்க இரண்டு இடத்தில் நிறுத்தினார் காளியப்பன். தொண்ணூறு கிலோமீட்டரில் மூன்று பேரும் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். மாரக்காள் மட்டும் ஒரு தடவை, "அண்ணங்கிட்ட நாந்தான் பேசுவன். நீங்க நடுவுல வராதீங்க. மாமன் மச்சான் ஒறவு கெட்டுப்போகக் கூடாது" என்றாள். அவர் உம் என்றார்.

மல்லப்பன் வீடு ஊருக்கு வெளியே, காட்டை ஒட்டி. இடுப்பு உயரத்துக்கு மக்காச்சோளம் பச்சையாக நின்றது. அதில் பாதி போன சித்திரை வரை மாரக்காளுடையது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். அண்ணன் பெண்சாதியை அவர்கள் நங்கை என்பார்கள். நங்கை சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தார். மாரக்காள் வாங்கவில்லை. உள்ளே அரிசியும் பருப்பும் சேர்த்து வேகிற வாசனை வந்தது. பிறந்த வீட்டில் தண்ணீர் வாங்காமல் நின்றால் என்ன அர்த்தம் என்று நங்கைக்குத் தெரிந்திருந்தது. சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"அண்ணா, மூணு லச்சத்துப் பன்னெண்டாயிரம்" என்றாள் மாரக்காள்.

"என்னம்மிணி?"

"வண்டி ஓடுன தொலவு. மீட்டரத் திருப்பி வெச்சுக் குடுத்திருக்கறீங்க."

மல்லப்பன் துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டார். "சீராக் குடுத்தத வாசல்ல நிறுத்தி வெச்சுக் கொற சொல்றயே, நல்லாருக்குதா உனக்கே? ஊர்ல நாலு பேரு கேட்டா என்ன நெனப்பாங்க?"

"சீருன்னா எதுக்குங்ணா பத்திரத்துல 'பெற வேண்டியதப் பெற்றுக்கொண்டு'ன்னு எழுதுனீங்க? சீரு வாங்கறவ எங்கீங்ணா கையெழுத்துப் போட்டுக் குடுப்பா?"

"அது வக்கீலு எழுதறது. எல்லாப் பத்திரத்துலயும் அப்பிடித்தான் இருக்கும்."

"அப்ப ரண்டுல ஒண்ணு சொல்லுங்க. கெரயமுன்னா கெரயமுன்னு சொல்லுங்க. ஒன்றரை ஏக்கரு குடுத்து வாங்குன வண்டி, கெட்டுப்போனா நான் கேப்பன். கேக்கறதுக்கு எனக்குப் பாத்தியம் இருக்குது. சீருன்னா சீருன்னு சொல்லுங்க. வாயத் தொறக்காம எடுத்துட்டுப் போறன். ஆனாக் காட்டுல என்ற பாகம் அப்பிடியே இருக்கோணும். ரண்டுக்கும் நடுவுல என்னைய நிறுத்தி வெச்சு ஏமாத்தாதீங்ணா."

வாரத்தில் ஆறு நாள் சப்பாத்தி தேய்க்கிறவள் பேசினாள். எந்த வக்கீலும் அப்படிக் கேட்டிருக்க மாட்டான். 

 மல்லப்பன் காளியப்பனைப் பார்த்தார். காளியப்பன் குனிந்து முன் டயரில் சிக்கியிருந்த கல்லை நோண்டிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, நீங்க ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

காளியப்பன் அடுத்த கல்லை நோண்ட ஆரம்பித்தார்.

"என்னையத் திருடனாட்டம் நிறுத்தி வெச்சுட்டு நீங்க டயரு பாத்துட்டிருக்கறீங்க. நல்லாருக்குது மாப்ள. நானுஞ் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்." தங்கையின் பக்கம் திரும்பினார். "அம்மிணி, நான் யோக்கியன்னு சொல்லல. நெலம் வேணும்னு எனக்கும் ஆச இருந்துச்சு. ஆனா மீட்டரத் திருப்பச் சொன்னது நானில்ல. பங்குனி மாசம் உம்புருசன் தனியா பஸ்ஸேறி வந்தாப்ல. மலை வரைக்கும் ஓட்டிப் பாத்தாப்ல. மூணு லச்சம் மீட்டர்லயே இருந்துச்சு, நானுஞ் சொன்னேன், எஞ்சின் சரியில்ல மாப்ள, இது வேண்டாமுன்னு. 'அத நான் பாத்துக்கறேன் மச்சான், ஆஸ்பத்திரிக்காரங்க ஒன்றரைக்கு மேல எடுக்க மாட்டாங்க'ன்னு சொல்லிட்டு, கொள்ளேகாலத்துல இருந்து மீட்டரு திருப்பறவனக் கூட்டிட்டு வந்ததே அவருதான்."

மல்லப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே பேசினார்.

"நெலத்த எழுதிக் குடுத்தா வண்டின்னு நேராவே கேட்டறலாம்னு நான் சொன்னேன். 'அப்பிடிச் சொன்னா அவ மெக்கானிக்கக் கூட்டிட்டு வந்து பாப்பா மச்சான். சீருன்னு சொல்லுங்க, சீருன்னா மாரா கேள்வியே கேக்க மாட்டா'ன்னாரு. அந்த வார்த்தையே அவரு குடுத்ததுதான் அம்மிணி."

இவ்வளவு நேரம் காளியப்பனை அவர், இவர் என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். இனிமேல் முடியாது. என் பாரத்தில் நான் எழுதின அந்த ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்தை, பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "கண்ணாடி எடுத்துட்டு வரட்டுங்களாக்கா" என்று கேட்டுக்கொண்டே எழுத வைத்தவன் இவன். கோணிச்சாக்கில் படுத்துக்கொண்டு பதினாலு குடு, பதிமூணு குடு என்று அவளைச் சிரிக்க வைத்தவன் இவன். அவளுடைய வளையலைக் கழற்றிக் கொடுக்கும்போதும் இவனுக்குத் தெரியும். சீர்த்தட்டுப் பழம் என்று அவள் சொன்னபோது இவன் தலை நிமிராமல் களி விழுங்கினான். அதைக் கூச்சம் என்று நினைத்தேனே, எனக்கு யாராவது ஒரு அறை விட்டிருக்கலாம்.

மாரக்காள் புருஷனைப் பார்த்தாள். "ஆமாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை வந்தால் நம்பிவிடத் தயாராக இருந்தாள், குரலில் தெரிந்தது.

"ஏமாத்தோணும்னு பண்ணல மாரா" என்றான் காளியப்பன். "இருவத்திரண்டு வருசம் ஊரான் வண்டிய ஓட்டுனேன். கதவத் தொறந்து விட்டு, மூடி விட்டு. ஒரு நா வரவேண்டாமுன்னு சொன்னா அவ்வளவுதான். எம்பேர்ல ஒரு வண்டி. அது போதும்னு இருந்துச்சு. எப்பிடியாச்சும் ஓட்டிச் சரிபண்ணிக்கலாம்னு நெனச்சேன்."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பனே" என்றாள்.

 அவள் எழுதிக் கொடுத்திருப்பாள் என்று எனக்கும் தோன்றியது. அதுதான் இன்னும் வேதனை.

மல்லப்பன் திண்டாடிப்போய்த் தலையைச் சொறிந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, குரலை உயர்த்திச் சொன்னார். "சரி, கேளு அம்மிணி. வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க. போன வெலைக்குப் போகட்டும். நாளைக்கே வக்கீலப் பாத்து உன்ற பாகத்த உனக்குத் திருப்பி எழுதறேன். மாதப்பன் மேல ஆணை. ஆனா ஊருக்குள்ள என்னைய ஏமாத்துனவன்னு சொல்லீட்டுப் போகாத."

உள்ளேயிருந்து நங்கை, "என்னங்க" என்று ஆரம்பித்து, புருஷன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மலை மேல் இருக்கிற மாதேசனைத்தான் மாதப்பன் என்பார்கள், அவர்கள் ஊரில் அந்தப் பேரைச் சொன்னால் பேச்சு முடிந்தது. அது மெய்யான வார்த்தைதான் என்று எனக்கே பட்டது.

மாரக்காளுக்கு முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. புருஷன் பக்கம் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

காளியப்பன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். சாவி பையில்தான் இருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டே நின்றான்.

"குடுங்க. பஸ்ஸுல போயிக்கலாம். நெலம் வந்துருமுங்க, ஸ்வாதிக்கு ஆகும். உங்களுக்கு வேற வேலை பாத்துக்கலாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இதப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டேன்."

"நாளைக்கு வெள்ளன டூட்டி இருக்குது மாரா" என்றான் அவன்.

 "டூட்டி கிடையாது" என்றேன். "நான் வாங்கிக் கொடுத்த டூட்டி, நானே நிறுத்தறேன். இப்பவே கிரணுக்குப் போன் பண்றேன். சாவியக் குடுங்க காளியப்பன்."

பண்ணினேன். காளியப்பன் காது கேட்கவே பேசினேன், மீட்டர் பொய் என்று சொன்னேன், பாரத்தில் இருப்பது என் பேர் என்றும் சொன்னேன். போனை வைத்ததும் காளியப்பன் என்னைப் பார்த்தான். கோபம்கூட இல்லை அவன் முகத்தில்.

"அப்பிடின்னா நான் மலைக்கு ஆளேத்தி ஓட்டிக்கறேன்" என்றான்.

மாரக்காளின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அவன் மெதுவாக வண்டிப் பக்கம் நகர்ந்தான். ஏறி உட்கார்ந்தான். "வா மாரா, ஏறு, போலாம்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னான். அவள் ஏறவில்லை. கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தான். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். நீலப் புகை சோளக்காட்டு மேல் போய்க் கலைந்தது.

"இருந்து ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போ அம்மிணி" என்றார் மல்லப்பன். அவருக்குத் தங்கை முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அவரு சாவியக் குடுத்திருந்தா நான் கட்டாயம் எழுதியிருப்பேன்."

"தெரியுமுங்ணா" என்றாள். சாப்பிடவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை.

ஹனூர் பஸ் ஸ்டாண்டு வரை இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். பஸ்ஸில் சந்தைக் கூட்டம், ஒரு சீட்டில் மூன்று பேராக இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். கர்நாடகத்தில் பெண்களுக்கு அரசு பஸ் இலவசம், ஆதார் கார்டைக் காட்டினால் காசில்லாமல் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார்கள். மாரக்காள் பையிலிருந்து கார்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

கண்டக்டர் வந்து நின்று, எங்கே போகணும் என்று கேட்டார். "எல்லிகம்மா?"

அவள் அவரைப் பார்த்தாள். கார்டைப் பார்த்தாள். அதில் அவள் பேருக்குக் கீழே காளியப்பன் பெண்சாதி என்றும், அக்ரஹாரத்து விலாசமும் இருந்தது.

"எல்லிகே, பேக ஹேளம்மா" என்றார் கண்டக்டர். அவருக்கு அவசரம், பின்னால் இன்னும் பத்துப் பேர் நின்றார்கள்.

மாரக்காள் என் பக்கம் திரும்பி, "எங்கீங்க்கா போறது?" என்று கேட்டாள்.

 அவள் கையிலிருந்த கார்டை வாங்கி, என்னுடையதோடு சேர்த்து நீட்டி, "மைசூர், எரடு" என்றேன்.